பொங்கல் வாலிபால் டோர்னமென்ட் நடத்துறதா வேணாமா? கிரவுண்டு பூரா உப்பு, ஊர்ல பாதி வீட்டுக்குக் கூரை இல்ல

வத்தைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ணே. நமக்கு தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல ஒரு ஊரு, கடலுக்கும் எங்க கிரவுண்டுக்கும் எடையில கருவேல வேலி மட்டுந்தான். புயல் நம்ம பக்கம் கரையக் கடக்கவே இல்ல, ஒதுங்கித்தான் போச்சு, பாம்பன்ல கூண்டு ஏத்துனப்பவே போட்டையெல்லாம் மேல இழுத்துட்டோம், சரி தப்பிச்சோம்னு நெனச்சா ரெண்டு நாள் விடாம அடிச்ச வாடைக்காத்துல கடல் தண்ணி பொங்கி உள்ள வந்துருச்சு. வடகடல், அதான் எங்க பக்கத்து பாக் விரிகுடா, ஆழம் இல்லாத கடலு, காத்து தள்ளுனா தண்ணி போறதுக்கு எடம் இல்லாம கரையில ஏறிரும்னு அப்பா சொல்லுவாரு, இப்பத்தான் கண்ணால பாத்தேன்.

11 வீட்டுல கூரை போச்சு. ஓலை வீடு கொஞ்சம், மிச்சம் ஆஸ்பெட்டாஸ். பாய்மரப் போட்டிக்குன்னு தச்சு வச்சிருந்த பாயைத்தான் பிரிச்சு ரெண்டு வீட்டுக்கு மேல கட்டிருக்கோம். வாலிபால் கிரவுண்டுல போஸ்ட்டு ஒண்ணு சாஞ்சிருச்சு, நெட்டு காணாமப் போச்சு, தண்ணி வடிஞ்ச பெறகு தரையில வெள்ளையா பூத்துக் கெடக்கு, உடைஞ்ச ஷீட்டு கிழிஞ்ச வலை எல்லாத்தையும் அங்கதான் கொண்டு வந்து கொட்டுறாக.

விஷயம் என்னன்னா கிளப் கையில 38,000 இருக்கு. பாதி சவுதி துபாய்ல இருக்குற நம்ம பசங்க டோர்னமென்ட்டுக்குன்னு அனுப்புனது. ஊர்க் கூட்டத்துல பெரியவுக "வீடு இல்லாம கெடக்குறாக, ஒங்களுக்குப் பந்து கேக்குதா"ங்குறாக. பசங்க 20 வருஷமா விடாம நடத்துறோம் நிறுத்தக் கூடாதுங்குறானுக. நான் செயலாளரு, ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறேன். என்ன பண்ணலாம்? கிரவுண்டு உப்புக்கு ஏதாச்சும் வழி இருக்கா?

பனைக்குளம் ரெஃப்ரி:
தம்பி, நானும் கடல் தண்ணி ஏறுன தரையில விசில் ஊதுனவன்தான், உப்புத் தரையில மேச்சு வச்சா கால் போயிரும், வெயில் அடிச்சு மேல காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா உப்பு காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், காலையில பாத்தா சொதசொதன்னு வழுக்கும். மொதல்ல அந்த வெள்ளைப் பொருக்க மம்பட்டியால ரெண்டு விரக்கடைக்கு வழிச்சு வெளிய கொட்டு, கிரவுண்டு ஓரத்துலயே குமிச்சு வச்சா அடுத்த மழையில திரும்பி உள்ளதான் வரும். அப்பறம் சுத்தி சின்னதா வரப்புக் கட்டு, இன்னும் மழை இருக்கு, மழைத்தண்ணி நிக்கட்டும், ஒரு நாள் ரெண்டு நாள் ஊறுனதும் வரப்ப வெட்டி கடல் பக்கமா வடிச்சு விடு, இப்படி மூணு நாலு தடவ. உப்பக் கழுவ நல்ல தண்ணிய விட்டா வேற மருந்து இல்ல. காசக் குடுத்து செம்மண் அடிக்கிறதெல்லாம் அதுக்கு அப்பறந்தான், ஈரத்துல ரோலர் ஓட்டிறாத, தரை இறுகிப் போயி தண்ணி உள்ளயே எறங்காது. போஸ்ட்டையும் புடுங்கி நல்ல தண்ணியில கழுவு, மண்ணுக்குள்ள இருக்குற பக்கம்தான் மொதல்ல துருப்புடிச்சு அறும்.

ஆஸ்பெட்டாஸ் துண்ட பசங்க கால்ல மிதிச்சு ஒடைக்க விடாத. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு, மூஞ்சில தூசி தடுக்குற நல்ல மாஸ்க் போட்டு, முழுசா தூக்கிப் போடணும்.

ஓலைவீட்டு அக்கா:
நான் சொல்றது பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க கூரை போனப்ப பக்கத்துத் தெருவுல மைக் செட்டு போட்டு கிரிக்கெட் நடத்துனாங்க, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு தார்ப்பாய்க்குள்ள உக்காந்து ஸ்கோர் கேட்டுக்கிட்டு இருந்தேன், அந்தக் கோவம் இன்னும் போகல.

தம்பி, காச அப்பறம் பாரு, மொதல்ல 11 வீட்டையும் போட்டோ எடுத்தியா? கூரையச் சரி பண்றதுக்கு முன்னாடி எடுக்கணும், வீட்டுக்காரரும் அதுல தெரியணும். நாங்க அவசரத்துல சரி பண்ணிட்டு அப்பறம் மனு குடுத்தோம், வந்தவரு நல்லாத்தானம்மா இருக்குன்னுட்டுப் போயிட்டாரு. வி.ஏ.ஓ.கிட்ட எழுதிக் குடுங்க, நகல வச்சுக்கங்க, ஒண்ணும் நடக்கலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் பதினோரு வீட்டுக்காரவுகளும் சேந்து போங்க, தனித்தனியா போனா மதிக்க மாட்டாங்க. குடிசைக்கு 2023 மிக்ஜாம் அப்ப 5,000த்த 8,000 ஆக்குனாங்க, 2024 ஃபெஞ்சலுக்கு 10,000 சொன்னாங்க, அதெல்லாம் அந்தந்தப் புயலுக்கு அறிவிச்சது, நமக்கு தனியா அறிவிப்பு வரணும். பட்டா இருக்குற குடிசைக்காரவுக கலைஞரின் கனவு இல்லத்துக்கும் எழுதிப் போடுங்க, 3.5 லட்சம், அலைய விடுவாங்க ஆனா கான்கிரீட் வீடு.

கிணத்துல கடல் தண்ணி எறங்கியிருந்தா மோட்டார் போட்டு ஒரேயடியா எறைக்காதீங்க. கீழ இருக்குற உப்புத் தண்ணி மேல ஏறி வந்துரும்.

தங்கச்சிமடம் பேரன்:
அக்கா சொல்றது சரி. கிணத்து விஷயம் எங்க ராமேஸ்வரம் தீவுல எல்லாருக்கும் தெரியும், தனுஷ்கோடி மணல்ல கையால ஊத்துத் தோண்டி செரட்டையால மோந்துதான குடிக்கிறாக, ஆழமாத் தோண்டுனா கரிக்கும்.

எங்க தாத்தா 1964 டிசம்பர்ல தனுஷ்கோடில இருந்து தப்பிச்சு வந்தவரு. ரயிலையே கடல் கொண்டு போன ராத்திரி. ராமேஸ்வரத்துல வந்து கெடந்தப்ப கொஞ்ச நாள்லயே எளவட்டங்க மணல்ல கோடு கிழிச்சு சடுகுடு ஆடுனாங்களாம், கிழவிக எல்லாம் பொணம் இன்னும் கரை ஒதுங்குது ஒங்களுக்கு வெளாட்டு கேக்குதாடான்னு மண்ண வாரித் தூத்துனாங்களாம். தாத்தாவும் ஆடுனவருதான். ஆனா இப்பக் கேட்டா கிழவிக பக்கம்தான் பேசுவாரு, அந்த வயசுல ராத்திரி தூக்கம் வரல அதான் ஆடுனோம், வேற ஒண்ணும் இல்லம்பாரு.

என்னயக் கேட்டா, 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 41 சென்டிமீட்டர் பெஞ்சப்ப எங்க தெருவுல தண்ணி எறைச்சது பூரா கபடி டீம் பசங்கதான். சாயங்காலம் கூப்ட்ட ஒடனே 14 பேரு வந்து நின்னான்னா தெனமும் ஒண்ணா ஆடுறதால வந்தான். டோர்னமென்ட் வேணாம், ஆனா ஆட்டத்த நிறுத்தாதீங்க பங்காளி.

அப்பறம் ஒண்ணு, கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட்டுன்னு 12,525 ஊராட்சிக்கும் குடுத்தாங்கள்ல, ஒங்க ஊராட்சியில அது எந்த பீரோவுல பூட்டிக் கெடக்குன்னு பாருங்க. பந்தாவது இருக்கும்.

வத்தைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, போட்டோ மேட்டர் படிச்ச ஒடனே ஓடுனேன், 11ல நாலு வீட்டுல ஏற்கெனவே ஓலை வேய ஆரம்பிச்சிட்டாக, மிச்சம் ஏழையும் எடுத்துட்டேன், அந்த நாலுக்கு அன்னைக்கு யாராச்சும் போன்ல எடுத்த வீடியோ இருக்கான்னு தேடிக்கிட்டு இருக்கோம்.

வெளிநாட்டுப் பசங்களுக்கு வாய்ஸ் போட்டுக் கேட்டேன், அவனுக காசு, நாமளா மாத்தக் கூடாதுல்ல. ஒருத்தனத் தவிர எல்லாரும் வீட்டுக்கே குடுன்னுட்டானுக. அந்த ஒருத்தன் வீட்டுலதான் கூரையே போயிருக்கு, எங்க வீட்டுக்குன்னு வாங்க மாட்டேன், பந்துக்குன்னு குடுத்தது பந்துக்குத்தான்ங்குறான். அவன் 3,000த்த மட்டும் தனியா வச்சிருக்கேன், மத்ததுக்கு தார்ப்பாய், சவுக்குக் கம்பு. வெளியூர் டீம் யாரையும் கூப்பிடல, பொங்கலன்னைக்கு மைக் இல்லாம ஊருக்குள்ளயே ரெண்டு தெரு ஆடுறதுன்னு முடிவு, அம்பலம் பெரியப்பா கொஞ்சம் மொறைச்சாரு அப்பறம் எந்தத் தெருவு எந்தப் பக்கம்னு அவரே கேட்டாரு.

நேத்துல இருந்து பொருக்கு வழிக்கிறோம் ரெஃப்ரி அண்ணே, இடுப்பு விட்டுப் போச்சு. கிட்டுல பந்து இருக்கு, நெட்டு இல்ல. தேவிபட்டினம் பக்கம் யாருகிட்டயாச்சும் பழைய நெட்டு கெடந்தா சொல்லுங்க, கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, ஊர்ல வலை பின்னத் தெரியாத ஆளா இருக்கு.