பழைய மினிக்கு 13 இன்ச் அலாய், டிஸ்க் பிரேக்: எதை முதல்ல மாத்தறது?

கியர்பாக்ஸ்72:
வணக்கம். என்கிட்ட 1972 மினி 1000 கார் இருக்கு, நாலு வீலும் டிரம் பிரேக், 10 இன்ச் ஸ்டீல் ரிம், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்றது) சிங்கிள் லைன், அதாவது நாலு வீலுக்கும் ஒரே ஆயில் லைன். பிரேக் ஷூ எல்லாம் புதுசுதான், ஆனா இறக்கத்துல நாலு தடவை நல்லா மிதிச்சா போதும், பெடல் கல்லு மாதிரி இருக்கு வண்டி நிக்க மாட்டேங்குது. இப்போ 13க்கு 7 (விட்டம் 13, அகலம் 7 இன்ச்) அலாய் வீல் செட் ஒண்ணு சல்லிசா கிடைக்குது, பாக்க ரொம்ப அழகா இருக்கு. இப்போதைக்கு அலாயைப் போட்டுட்டு டிஸ்க் அப்புறம் பாத்துக்கலாமா? ரெண்டும் சேத்துதான் பண்ணணுமா?

டிரம்மடிப்பவர்:
ப்ரோ, அலாய்க்கு இப்போ காசு குடுக்காதீங்க. பிரேக் என்ன சைஸ்னு முடிவு பண்ணா ரிம் சைஸ் தானா முடிவாயிடும். 1963ல வந்த மினியோட ஸ்போர்ட்ஸ் மாடல் கூப்பர் எஸ் டைப் 7.5 இன்ச் டிஸ்க் போட்டா 10 இன்ச் ரிம்லயே உள்ள உக்காரும். 1984லேர்ந்து கம்பெனியே போட்ட 8.4 இன்ச் டிஸ்க்குன்னா 12 இன்ச் ரிம் வேணும், அதனாலதான் அந்த வருஷம் ரிம்மும் சேந்து 12 ஆச்சு. இன்னொண்ணு, டிஸ்க்க மட்டும் வாங்கி மாட்ட முடியாது, ஹப் (வீல் சுத்தற நடுப்பகுதி), டிரைவ் ஃபிளேஞ்ச் (டிஸ்க் மாட்டற தட்டு), சிவி ஜாயின்ட் (இன்ஜின் சக்தியை வீலுக்குக் கொண்டுபோற மூட்டு) எல்லாம் டிஸ்க் வண்டியோடது வேணும், அதனால பழைய வண்டிலேர்ந்து ஹப்போட முழு செட்டா எடுக்கறதுதான் நல்லது. முன்னாடி டிராக் (இடது, வலது வீலுக்கு நடுவுல இருக்கற தூரம்) அகலமாயிடும், பின்னாடியும் ஸ்பேசர் உள்ளயே இருக்கற டிரம் போட்டா ரெண்டும் சரியா வரும்.

13க்கு 7 எனக்குப் பிடிக்காது, சொல்லிடறேன். வீல் ஆர்ச் (டயருக்கு மேல இருக்கற பாடி வளைவு) வெட்டணும், ஸ்டீரிங் கனமாகும், ஹப் பேரிங் சீக்கிரம் போகும், ரோட்டுல இருக்கற ஒவ்வொரு குழியும் முதுகுக்கு வரும். 12க்கு 5 ரிம்ல 165/60 டயர் போடுங்க, வண்டியோட குணம் மாறாது. 10 இன்ச் ரிம்முக்கான 145/80 R10ஐ விட அந்த டயர் உயரம் ஏறக்குறைய 3.5% அதிகம், ஸ்பீடோ 60 காட்டும்போது நீங்க 62ல போயிட்டிருப்பீங்க, அதை மட்டும் மனசுல வைங்க.

பழைய_ஸ்பேனர்:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா தம்பி, டிஸ்க் போட்டா பெடல் லேசாகும்னு நினைக்காதீங்க. டிரம்ல சுத்தற வேகமே ஷூவை இழுத்து அழுத்தும், டிஸ்க்ல அது கிடையாது, கால்தான் அழுத்தணும். கனமா தெரிஞ்சா பூஸ்டர் (மிதிக்கற பலத்தை அதிகமாக்கற கருவி) போட்டுக்கலாம்.

என் வண்டில நான் பண்ண தப்பு, டிஸ்க் மாட்டிட்டு டிரம்மோட பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டுட்டேன். நாலு கிலோமீட்டர் போறதுக்குள்ள கருகின வாடை, முன் ரிம்ல கை வைக்க முடியல. ஜாக் ஏத்தி கையால சுத்தினா நகரவே இல்ல, பிளீடிங் நிப்பிளை (பிரேக் லைன்லேர்ந்து காத்து, ஆயில் வெளியேத்தற திருகு) அரை சுத்து லூஸ் பண்ணேன், புஸ்ஸுனு கொஞ்சம் ஆயில் வந்துது, உடனே வீல் ஃப்ரீ ஆயிடுச்சு. சிலிண்டருக்குள்ள டிரம்முக்குன்னு இருக்கற வால்வு லைன்ல கொஞ்சம் பிரஷர் புடிச்சே வச்சிருந்துருக்கு, அந்த பிரஷர்ல பிரேக் பேடு டிஸ்க்க விட்டு விலகவே இல்ல. அதனால டிஸ்க்குக்கு ஏத்த மாஸ்டர் சிலிண்டர் போடுங்க, அதுவும் ரெண்டு லைன் உள்ளதா போட்டா ஒரு ஹோஸ் வெடிச்சாலும் இன்னொரு லைன்ல பிரேக் இருக்கும். ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் அதோட மாத்திடுங்க.

கியர்பாக்ஸ்72:
ரொம்ப நன்றி அண்ணா, அலாய்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். 8.4 டிஸ்க், 12க்கு 5 ரிம்னு முடிவு பண்ணிட்டேன். ரிம் வாங்கறதுக்கு முன்னாடி காலிப்பர்ல (டிஸ்க்க பேடால அழுத்திப் பிடிக்கற பாகம்) இடிக்குமான்னு எப்படி பாக்கறது?

பழைய_ஸ்பேனர்:
காலிப்பரோட வெளிப்பக்கத்துல களிமண்ண பட்டாணி சைஸ்ல நாலஞ்சு இடத்துல ஒட்டுங்க, ரிம்ம மாட்டி நட்டு இறுக்கி மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு கழட்டுங்க. களிமண் எவ்வளவு தடிமன்ல நசுங்கியிருக்கோ அதுதான் உங்க இடைவெளி, 3 மிமீ கீழ இருந்தா அந்த ரிம் வேண்டாம். அப்புறம் ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, வண்டிய கீழ இறக்கி, ரெண்டு பேர உக்கார வச்சு ஆர்ச்ல டயர் உரசுதான்னு பாத்துடுங்க. பிசிடி (போல்ட்டுங்க இருக்கற வட்டத்தோட விட்டம்) 101.6 மிமீ, நாலு போல்ட்டு. நீங்க வாங்கற 12க்கு 5 ரிம் அலாய்னா, ஸ்டீல் ரிம்மோட பழைய நட்டை அதுல போடாதீங்க, அலாய்க்குன்னு வர்ற நட்டுதான் உக்காரும், 80 கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரென்ச் வச்சு மறுபடி இறுக்குங்க.