லூகாஸ் டிஸ்ட்ரிப்யூட்டர், எஸ்யூ கார்புரேட்டர்: மாற்றலாமா, சரிசெய்யலாமா?

கேள்வி: என் பழைய காரில் இருப்பது ஒரிஜினல் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது), எஸ்யூ எச்எஸ்2 கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது). ஐடிலிங் சீராக நிலைக்கவில்லை, சூடானால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றுவதில்லை). புதிது போட்டால் காரின் மதிப்பு குறையுமா?

பதில் 1: டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) கேப் 0.015 இன்ச் வைத்தாலும் நிலைக்காது; டுவெல், அதாவது பாயின்ட் மூடியிருக்கும் கோணம், 60 டிகிரி அருகே நிற்காமல் அலையும். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் மாற்றினால் போதும். சூட்டில் மட்டும் மிஸ்ஃபயர் என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் (பாயின்ட்டில் தீப்பொறி பறக்காமல் தடுப்பது). பாயின்ட் முனை கருகியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். புதிய கண்டென்சரையும் கண்ணை மூடி நம்பாதீர்கள், இப்போது வருபவற்றில் சொத்தையும் உண்டு.

பதில் 2: ஐடிலிங்குக்கு கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலை (காற்றுத் தகடு சுழலும் தண்டு) பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்த வழியே காற்று புகுந்து கலவை மெலியும். கலவையைச் சரிசெய்யும் ஜெட் நட்டை எத்தனை திருகினாலும் செட் ஆகாது. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனையும் அதன் மேல்மூடியையும் ஜோடி மாற்றிவிடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டவை. அந்தப் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டேம்பரில் எஸ்ஏஇ 20 ஆயில்.

பதில் 3: மதிப்பு, டிஸ்ட்ரிப்யூட்டர் பாடியில் குத்தியிருக்கும் எண்ணிலும், தயாரித்த வார-ஆண்டுக் குறியிலும்தான் இருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் மூடியிலுள்ள அலுமினிய டேகையும் (அடையாளத் தகடு) தொலைக்காதீர்கள். மணல் அடித்துப் பளபளப்பாக்கினால் குறி அழியும். பழைய பாடிக்குள்ளேயே, பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்தலாம். கழற்றிய பாயின்ட் பிளேட்டை எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.