நாடுகடத்தலுக்குத் தடையாணை கேட்பது இழுத்தடிப்பா?

ஓமலூர்க்காரன்:
ஆஸ்திரேலியாவின் பிலோயலா ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2019 ஆகஸ்டு 29 இரவு மெல்போர்னிலிருந்து இலங்கைக்கு விமானமேற்றியபோது, வழக்கறிஞர்கள் நீதிபதியிடம் தொலைபேசியிலேயே தடையாணை பெற்றதால் விமானம் டார்வினில் இறக்கப்பட்டது. பெற்றோரின் அடைக்கல மனு எல்லாப் படிகளிலும் தோற்ற பிறகு இப்படித் தடை கேட்டது முறைதான் என்பது என் கருத்து.

சேர்வராயன்:
ஐயா, ஏற்காட்டில் இருந்துகொண்டு நாம் சொல்வது எளிது. அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட்டே 2019 மே மாதம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. அதன் பின்னும் தடை வாங்கியதால் அக்குடும்பத்தின் இரண்டு பெண்குழந்தைகள் கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாமில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அடைபட்டிருந்தார்கள். இளையவள் 2021 ஜூனில் நோயுற்று பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். இதற்குப் பெயர் நீதியா?

ஓமலூர்க்காரன்:
அவர்களைத் தீவில் அடைத்தது அரசின் முடிவு. வழக்கு முடியும்வரை பிலோயலாவிலேயே விட்டிருக்கலாம். பெற்றோரின் மனுதான் தோற்றதே தவிர, இளையவளின் கோரிக்கையை யாரும் விசாரிக்கவே இல்லை. பெற்றோர் படகில் வந்தவர்கள் என்பதால், ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த அவளும் அமைச்சரின் அனுமதியின்றி விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த அனுமதி பற்றிய பரிசீலனையில் அவள் தரப்பைக் கேட்காதது நியாயமான நடைமுறை அல்ல என்று 2020 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. 2021 பிப்ரவரியில் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதையே உறுதிசெய்தது. அன்றிரவு விமானம் கொழும்பில் இறங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பு யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

தாரமங்கலம் வாசகி:
எங்கள் பக்கத்துக் குறுக்குப்பட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். காலையில் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், முகாமில் ஆளைச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் கூலியை விட்டுவிட்டு வருவாய் ஆய்வாளர் முன் வரிசையில் நிற்பார்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆயினும் உயிர் வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு என்று, அருணாச்சலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாளைக்கு இங்கே ஒரு குடும்பத்துக்கு வெளியேற்ற உத்தரவு வந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு இடைக்காலத் தடை கேட்பதைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது?

சேர்வராயன்:
அதே உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், மியான்மரிலிருந்து வந்து ஜம்முவில் பிடிபட்ட ரோஹிங்கியாக்களை விடுவிக்க மறுத்ததையும் சொல்லுங்கள், அம்மா.

தாரமங்கலம் வாசகி:
சொல்கிறேன். உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அவர்களை நாடுகடத்தக் கூடாது என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. தடை கேட்பவர்கள் கோருவதும் அந்த நடைமுறையைத்தான்.

சேர்வராயன்:
நடைமுறை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்குடும்பத்துக்கு 2022 ஆகஸ்டில் நிரந்தர விசா கொடுத்தது புதிய அரசு; நீதிமன்றம் அல்ல.

ஓமலூர்க்காரன்:
அந்த அரசு வரும்வரை அவர்கள் நாட்டுக்குள் இருந்ததே தடையாணையால்தான்.

சேர்வராயன்:
இருக்கலாம். ஆட்சி மாறாமல் போயிருந்தால் அந்தக் குழந்தைகள் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்திருப்பார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. தடை கொடுக்கும் நீதிமன்றம், விசாரணையை முடிக்கும் நாளையும் அதே உத்தரவில் குறித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.