நம்ம வீடு வாட்ஸ்அப் குழு: சின்னவனின் சீட்டு எங்கே நின்றது?

தங்கை: மாவட்ட மருத்துவமனைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டோம். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினால், "எங்களுக்குத் தகவல் வரவில்லை, ஓ.பி. சீட்டு போட்டு முதலிலிருந்து வாருங்கள்" என்கிறார்கள். பையனுக்கு இரண்டரை வயது. அம்மா, தண்ணி, போ. பேச்சு இவ்வளவுதான்.

அண்ணி: முதலில் சாப்பிடு. அவனுக்கும் ஏதாவது கொடு.

சித்தப்பா: நம் வீட்டு ஆண் பிள்ளைகள் எல்லோரும் லேட்டாகத்தான் பேசினார்கள். பயப்படாதே அம்மா.

அத்தை: தம்பி, அப்படிச் சொல்லாதே. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் கொடு" என்று இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்த காலத்தில், லேட்டாகப் பேசுவான் என்று வீட்டில் விட்டுவைத்த பிள்ளைகளில் காது கேளாதவர்கள் இருந்தார்கள். காது கேட்க அறுவை செய்து வைக்கிற காக்ளியர் கருவி முதல்வர் காப்பீட்டிலேயே உண்டு, ஆனால் சின்ன வயதிலேயே வைக்க வேண்டும். காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை இது.

நான்: அத்தை, வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிற ஆர்.பி.எஸ்.கே. திட்டக் குழுவும் சுகாதாரத் துறை, மருத்துவமனையும் சுகாதாரத் துறை. சீட்டு ஏன் போய்ச் சேரவில்லை?

அத்தை: 2013இல் வந்த திட்டம் அது. நல்ல திட்டம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை டாக்டரே வந்து பார்க்கிறார். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்த்து, தேவைப்பட்டால் டி.இ.ஐ.சி. மையத்துக்கு, அதாவது குறையைச் சீக்கிரமே கண்டு உதவுகிற மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். குழந்தை டாக்டர், காது சோதிப்பவர், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் எல்லோரும் அங்கே ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அனுப்புவதற்கு ஆள் உண்டு. பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆள் இல்லை.

அத்தை: இன்னொன்று. அங்கன்வாடி சமூக நலத் துறை. குறைபாட்டுக்கான அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. நாளைக்குப் பள்ளியில் சிறப்பாசிரியர் வேண்டுமென்றால் கல்வித் துறை. எங்கே போனாலும் நம் பிள்ளை புதுப் பிள்ளை.

தங்கை: ஆமாம் அத்தை. சுகப்பிரசவமா, பிறந்ததும் அழுதானா, எப்போது நடந்தான்... ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான்: சேர்த்துச் செய்ய முடியாத வேலை இல்லை இது. கர்ப்பம் பதிந்தபோது வாங்கிய பிக்மி எண் இல்லாமல் நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியுமா? பரிசோதனை, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பிரசவம், பிறப்புப் பதிவு எல்லாம் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. பிறந்த பிறகுதான் அங்கன்வாடியில் போஷன் டிராக்கர் பதிவு, பள்ளியில் எமிஸ் பதிவு, அடையாள அட்டைக்கு வேறு எண் என்று சிதறிப் போகிறது.

அண்ணி: எங்கள் ஒன்றியத்தில் கல்வித் துறையின் வட்டார வள மையம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு நடத்துகிற மதிப்பீட்டு முகாமைப் பார்த்திருக்கிறேன். காது, கண், எலும்பு, மனநல டாக்டர்கள் ஒரு பக்கம். மாற்றுத்திறனாளி அலுவலகத்தார் பக்கத்து அறையில். சிறப்பாசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். காலையில் வந்த அம்மா மாலைக்குள் சான்றும் வாங்கி, அட்டைக்கும் விண்ணப்பித்துவிட்டுப் போகிறார். மற்ற நாட்களில் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது. டாக்டர்கள் வேறு ஆட்கள் இல்லை. ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பா: சரி, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் ஏற்றினால் பையன் மேல் முத்திரை விழுந்துவிடாதா? பின்னால் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று சொன்னால்?

நான்: நியாயமான பயம் சித்தப்பா. குறை என்ன என்று எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. "பிள்ளை வந்தான், அடுத்த தேதி இது" என்ற அளவு அங்கன்வாடிக்குத் திரும்பி வந்தால் போதும். பள்ளி விஷயத்தில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசுப் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது.

அத்தை: மாதம் ஒரு நாள் நர்சம்மாவும் அங்கன்வாடி டீச்சரும் ஒன்றாக உட்காருகிற ஊட்டச்சத்து நாள் ஏற்கெனவே இருக்கிறது. எடை பார்த்து, ஊசி போட்டு முடிந்ததும் கலைந்து விடுகிறார்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் பேர் பேராகக் கேட்டால் கால் மணி நேரம் ஆகுமா? புது அலுவலகம் வேண்டாம், புது செயலியும் வேண்டாம். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கப் போகிறேன்.

சித்தப்பா: நானும் கையெழுத்துப் போடுகிறேன் அக்கா. பஞ்சாயத்துத் தலைவரிடமும் பேசுகிறேன்.

தங்கை: புதன்கிழமை நர்சம்மா ஊசி போட வருவார். அன்றைக்கு நான் என்ன கேட்க வேண்டும் அத்தை?

அத்தை: பையனை எந்தத் தேதிக்கு, யாரிடம் அனுப்புகிறார்கள் என்று சீட்டின் பின்னால் எழுதித் தரச் சொல். மையத்துக்கு அங்கிருந்தே போன் போடச் சொல். பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை, பிக்மி எண் மூன்றையும் போட்டோ எடுத்து இங்கே போடு, தொலைந்தாலும் கையில் இருக்கும்.

அண்ணி: தேதி தெரிந்ததும் சொல். லீவு போட்டு உன்னோடு நான் வருகிறேன்.