முன்னாள் படைவீரர் சங்க உதவி மேசை: எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்கிறது

முன்னாள் ஹவில்தார் கிளார்க், சிக்னல்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு உட்காருகிறவர்கள் தங்களிடம் வந்ததை இங்கே எழுதுங்கள். கதை வேண்டாம், வேலைக்கு ஆகிற விவரம் வேண்டும். முதலில் பெயர்ப் பிரச்சினை. மேசைக்கு வரும் காகிதங்களில் பெரும்பாலானவை கடைசியில் இதில்தான் வந்து நிற்கின்றன.

நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். வடக்கே முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘கே. முருகன்’ என்று பட்டாளத்தில் சேர்ந்தவர் ஆதாரில் ‘முருகன் கருப்பையா’ ஆகிவிடுகிறார். மனைவி பெயர் இன்னும் மோசம். கல்யாணம் முடிந்து பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் படைப் பதிவில் ஏற்றும் உத்தரவு) போட்டபோது, தமிழ் தெரியாத யூனிட் கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தமிழ்ச்செல்வி ‘தாமில் செல்வி’ ஆகியிருப்பார். வள்ளியம்மாள் ‘வாலியம்மா’ ஆகியிருப்பார். கணவர் இருக்கும்வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் போன பிறகுதான் அந்த ஒரு எழுத்து குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கிறது.

மேசையில் செய்ய வேண்டியது இதுதான். டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பணிப் பதிவுப் புத்தகம்), பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரையும் பிறந்த தேதியையும் ஆங்கில எழுத்து எழுத்தாகப் படித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுதணும். தனியாகப் பார்த்தால் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும்.

படைவீரரின் சொந்தப் பெயர் மாறியிருந்தால், பொதுவாக ஆதாரை டிஸ்சார்ஜ் புக்குக்கு ஒத்து மாற்றுவதே குறைந்த அலைச்சல். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை 1 முறைதான். அவசரப்பட்டு இ-சேவை மையத்தில் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு வருகிறார்கள். எந்த எழுத்தில் வேண்டும் என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

மனைவி பெயர் படைப் பதிவில் மட்டும் தவறு, மற்ற எல்லாவற்றிலும் சரி என்றால் அவரவர் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ்தான் வழி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் பொறியாளர் படை) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு (பீரங்கிப் படை) நாசிக் ரோடு, ஈ.எம்.இ.க்கு (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், ஏ.எம்.சி.க்கு (ராணுவ மருத்துவப் படை) லக்னோ. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்ட். விண்ணப்பத்தோடு நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பான் நகல், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம், கணவன் மனைவி சேர்ந்த போட்டோ ஆகியவற்றை வைத்து அனுப்புங்கள். சில இடங்களில் மாஜிஸ்திரேட் முன் எடுத்த பத்திரம்தான் வேண்டும் என்பார்கள், சில இடங்களில் பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள். போனில் கேட்டுக்கொண்டு பத்திரம் எடுத்தால் செலவு ஒரு தடவையோடு போகும்.

கடிதத்தில் படை நம்பர் எழுதும்போது கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். அது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதல்ல, நம்பர் சரியா என்று சோதிக்கிற எழுத்து. நாயப் சுபேதாரான பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு ஜே.சி. (ஜூனியர் கமிஷண்ட் அதிகாரி) நம்பரோடு பழைய சிப்பாய் நம்பரையும் எழுதணும். பழைய பதிவுகள் அந்த நம்பரில்தான் கிடக்கும்.

ஆயுள் சான்று பார்க்கிறவர், முன்னாள் விமானப்படை

ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் கொடுக்கும் ஆயுள் சான்றுக்கு, சார் சொன்ன ஐந்து காகிதத்தில் எனக்கு வேண்டியது மூன்றுதான். ஆதார், 12 இலக்க ஸ்பார்ஷ் (பாதுகாப்புத் துறையின் இணைய ஓய்வூதிய அமைப்பு) பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண்.

விரல்ரேகை இயந்திரத்தை நம்பி உட்காராதீர்கள். எழுபது தாண்டியவர்களுக்கு, அதுவும் ஓய்வுக்குப் பிறகு வயல் வேலை பார்த்தவர்களுக்கு, ரேகை தேய்ந்து போயிருக்கும். பெருவிரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே தெரியும். கோடு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மின்னும், குறுக்கே பழைய அரிவாள் வெட்டுத் தழும்பு ஓடும். எண்ணெய் தடவு, ஈரத்துணியில் துடை என்று பத்து முறை அழுத்த வைத்து அவரைச் சங்கடப்படுத்துவதை விட நேராக முக அடையாளத்துக்குப் போய்விடலாம். 2021 நவம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் (அரசின் மின்னணு ஆயுள் சான்று) முக ஆப், ஆதார் ஃபேஸ் ஆர்.டி. ஆப் இரண்டும் வேண்டும். இரண்டாவதைத் திறந்தால் ஒன்றும் தெரியாது, அது பின்னால் வேலை செய்கிற ஆப். முதலில் ஆபரேட்டராக உங்கள் ஆதாரும் முகமும் ஒருமுறை பதிவாகணும். பிறகு ஓய்வூதியரின் ஆதார், மொபைல், மின்னஞ்சல், ஓ.டி.பி. அதற்கடுத்த பக்கத்தில்தான் தப்பு நடக்கிறது.

ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு எது என்று ஒரு பட்டியல் வரும். பணம் வங்கியில்தானே வருகிறது என்று பழக்கத்தில் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று உருவாகிவிடும், பிரமாண் ஐ.டி. எஸ்.எம்.எஸ்.ஸும் வந்துவிடும். ஆனால் அது வங்கிக்குப் போய்க் கிடக்கும், ஸ்பார்ஷுக்குப் போகாது. இரண்டு மாதம் கழித்துப் பென்ஷன் நின்ற பிறகு எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டிக்கொண்டு வருவார்கள். ‘ஸ்பார்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ்’ என்று தொடங்குவதைத்தான் எடுக்கணும். பி.சி.டி.ஏ. என்பது பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகம். ஊர்ப்பெயர் அலகாபாத் என்று இருந்தாலும் பிரயாக்ராஜ் என்று இருந்தாலும் ஒன்றுதான். அனுமதி வழங்கிய அமைப்புக்கு டிஃபென்ஸ் பி.சி.டி.ஏ. தேர்ந்தெடுக்கணும்.

மறுவேலையா, மறுமணமா என்ற இரண்டு கேள்விகளையும் வாய்விட்டுப் படித்துக் கேளுங்கள். விதவையர் சான்றில் மறுமணக் கட்டத்தில் கை தவறினால் சரிசெய்யப் பெரும்பாடு.

முகம் எடுக்கும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள், வெளிச்சம் முகத்தில் விழணும். கண்ணாடியைக் கழற்றணும், பின்னால் வெற்றுச் சுவர் இருக்கணும். கண் சிமிட்டச் சொன்னால் நிறைய பேர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். “மெதுவா மூடித் திறங்க சார்” என்றால் போதும்.

கடைசியாக ஒன்று. நவம்பர்தான் கணக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்பார்ஷில் கடைசியாகச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுதான் கணக்கு. ஒவ்வொருவருக்கும் தேதி வேறு. சங்கப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு ஒரு பத்தி போட்டு, ஒரு மாதம் முன்னால் போன் செய்யுங்கள்.

வீரநாரியர் (படைவீரர்களின் விதவையர்) குடும்பங்களைப் பார்க்கும் செயற்குழு உறுப்பினர்

துக்க வீட்டுக்குப் போகும்போதே இரண்டு விஷயத்தை மூத்த பையனிடமோ மருமகனிடமோ தனியாகச் சொல்லிவிடணும். ஒன்று, இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், சான்றிதழில் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பது போலவே இருக்க வேண்டும். மயானத்துச் சீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் திருத்த அலைகிறார்கள். இரண்டு, அவர் கணக்கில் அடுத்த மாதம் பென்ஷன் விழுந்தாலும் எடுக்கக் கூடாது. இறந்த தேதிக்குப் பிந்தைய நாட்களுக்கு வந்த பணம் முழுக்கத் திரும்பப் பிடிக்கப்படும். அந்த அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்திலேயே பிடிப்பார்கள், அது ரொம்ப வேதனையான விஷயம்.

குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பிறகு இறந்தால் முதல் 7 ஆண்டு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள்வரை, இதில் எது முன்னதோ அதுவரை 50 சதவீதம். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், எட்டாவது ஆண்டில் பணம் குறைந்ததும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறி வருவார்கள். எந்தத் தேதியில் குறையும் என்று பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. 80 வயதில் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் நூறு சதவீதம். இது விதவையருக்கும் உண்டு. ஆனால் பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பிறந்த தேதிக் கட்டம் காலியாகவே இருக்கும். தேதி இல்லாவிட்டால் கணினிக்கு அந்த அம்மாவுக்கு எண்பது ஆவதே தெரியாது. எழுபத்தைந்து தாண்டிய ஒவ்வொரு அம்மாவின் பி.பி.ஓ.வையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். காலியாக இருந்தால் ஆதார், பான் நகலோடு தேதியை ஏற்ற விண்ணப்பியுங்கள். எண்பது முடிந்த பிறகு ஆரம்பித்தால், கைக்கு வரும்போது அவர் இருப்பாரோ மாட்டாரோ.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ இருக்கும் வீடுகளில், பெற்றோர் இருவரும் இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரை ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுங்கள். விதியில் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அம்மா அப்பா இல்லாமல் அந்தப் பிள்ளைக்காக அலைய யார் இருப்பார்கள்?

முன்னாள் நர்சிங் அசிஸ்டென்ட், ஏ.எம்.சி.

ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பற்றிச் சுருக்கமாக. அவசர நிலையில் அதன் பாலிகிளினிக் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே மருத்துவமனைக்குப் போகலாம். பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் அவர்களே 48 மணி நேரத்துக்குள் ஈ.சி.எச்.எஸ்.ஸுக்குத் தெரிவிப்பார்கள். கார்டை அட்மிஷன் கவுண்ட்டரிலேயே காட்டணும், மூன்றாம் நாள் காட்டினால் தகராறுதான். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்த்தால் அந்த 48 மணி நேரப் பொறுப்பு குடும்பத்துடையது. பக்கத்துப் பாலிகிளினிக்குக்கு ஒரு ஆள் கடிதத்தோடு போகணும், முத்திரை வாங்கணும். பிறகு அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர நிலைச் சான்று மூன்றும் இருந்தால்தான் திரும்பக் கேட்க முடியும். கிடைப்பது அரசு நிர்ணயித்த கட்டணம் மட்டும், மீதி கைப்பணம். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பையன் 25 வயது தாண்டினாலோ, சம்பாதிக்க ஆரம்பித்தாலோ, கல்யாணம் ஆனாலோ தகுதி போய்விடும். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அனுப்பாதீர்கள்.

சங்கச் செயலாளர், முன்னாள் சுபேதார்

இறுதி மரியாதை பற்றி எழுதியே ஆகணும், நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறு இது. உறுப்பினர் இறந்தால் சங்கத்தார் தேசியக் கொடியைப் போர்த்துகிறார்கள். 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி அரசு மரியாதை, ஆயுதப்படை, துணை ராணுவப்படை இறுதிச் சடங்குகள் தவிர வேறு எங்கும் கொடியைப் போர்த்தக் கூடாது. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஓய்வு பெற்றவரின் வீட்டுச் சடங்கு படைச் சடங்கு ஆகாது. சங்கக் கொடியோ ரெஜிமென்ட் நிறத்துத் துணியோ போர்த்துங்கள், மெடல்களைச் சிறு தலையணையில் வைத்துக் கால்மாட்டில் ஒருவர் ஏந்தி நிற்கட்டும். பார்க்கிறவர்களுக்கு அதுவே கண் நிறைந்துவிடும். படை சார்பில் முறையாகக் கொடி போர்த்தும் சடங்கு என்றால் காவி நிறம் தலைப்பக்கம் வரணும், சிதையிலோ குழியிலோ இறக்கும் முன் கொடியை எடுத்துவிடணும்.

கொடியேற்றத்தில் சிக்குவது கயிறுதான். நூல் கயிறு பனியில் ஊறி உப்பிக் கப்பியில் மாட்டிக்கொள்ளும். நைலான் கயிறு வழுக்கி முடிச்சு அவிழும். நூல் கயிறே நல்லது, ஆனால் முதல் நாள் சாயந்திரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, இரவில் கயிற்றை அவிழ்த்து உள்ளே வையுங்கள். கொடிக்குள் பூ ஒரு கைப்பிடி போதும். நிறையப் போட்டால் ஈரத்தில் ஒட்டிக் கொடி விரியாது.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-இல் அந்த நாளில்தான் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். நமக்கு அது போகியோ பொங்கலோ ஆகிவிடும், பூக்கடையில் கூட்டம் அலைமோதும். மலர் வளையத்துக்கு நாலு நாள் முன்னாலேயே சொல்லி வைக்கணும்.

பொருளாளர்

இறுதிச் செலவு நிதியை வீட்டிலேயே, அன்றைக்கே, மனைவி கையில் கொடுத்து அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். மகன்கள் இருவர் இருக்கும் வீட்டில் ஒருவர் கையில் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் கேள்வி வரும்.

இப்போது உறுப்பினர்கள் போனுக்கு ‘ஸ்பார்ஷ் அப்டேட்’ என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வருகிறது. தொட்டால் கணக்கு காலி. ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு மேசைக்கு வரச் சொல்லுங்கள். இதை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் மைக்கில் சொல்கிறோம், இன்னும் சொல்லணும்.

முன்னாள் ஹவில்தார் கிளார்க், சிக்னல்ஸ்

வீரநாரியர் குடும்பங்களைப் பார்க்கும் அக்கா எழுதிய பிறந்த தேதி விஷயத்தை அடுத்த ஞாயிறே எல்லாச் சங்கங்களிலும் பார்க்கலாம், பழைய பி.பி.ஓ.வைக் கொண்டுவரச் சொல்லி இன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. டிஸ்சார்ஜ் புக்கைச் சிலர் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துகொண்டு வருகிறார்கள். செய்யாதீர்கள். அதில் முத்திரை வைக்கவோ பதிவு எழுதவோ வேண்டி வரும்போது பிளாஸ்டிக் மேல் ஒன்றும் ஒட்டாது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். கரையான் பயம் இருந்தால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்புப் பெட்டியில் துணிகளுக்கு மேலே வையுங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கத்தையும், காலிப் பக்கம் உட்பட, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து மனைவி போனிலும் ஒரு பிள்ளை போனிலும் ஏற்றிவிடுங்கள்.