கால்சிட்ரியால் எடுக்கும் முதியவருக்கு மருந்து நேரம் அமைக்க உதவி தேவை

தாதியர், மருந்தாளுநர் அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் தாதிமைப் பயிற்சியில் இருக்கும் நான், தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் குன்றிய, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவருக்காக மருந்து அட்டவணை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஹார்மோன் குறைந்தால் சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்வடிவத்துக்குப் போதிய அளவு மாற்றாது என்பதால்தான், கடையில் விற்கும் சாதாரண வைட்டமின் டி மாத்திரைக்குப் பதிலாக அதன் செயல்வடிவமான கால்சிட்ரியால் தரப்படுகிறது என்பதை அவருடைய மகள் புரிந்துகொண்டார்.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டை உணவோடு உட்கொள்ள வேண்டும். தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினையோ வெறும் வயிற்றில், கால்சியத்திலிருந்து 4 மணி நேரமாவது விலக்கி எடுக்க வேண்டும். பெரியவர் விடிந்ததும் தே தாரிக் தேநீர் இல்லாமல் எதையும் விழுங்குவதில்லை (அதிலும் பால்!). லெவோதைராக்சினை உறங்கும் நேரத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க எண்ணுகிறேன், ஆனால் இரவு உணவோடு எடுக்கும் கால்சியம் அதற்கு இடிக்கிறது. இப்படிப்பட்ட அட்டவணையை அமைத்த அனுபவமுள்ளவர்கள் வழி கூறுங்கள்.

இன்னொன்று: வாயைச் சுற்றி மரத்துப்போதல், தசைப்பிடிப்பு போன்ற கால்சியம் குறைவின் அறிகுறிகளையும், தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், மனக்குழப்பம் போன்ற மிகுதியின் அறிகுறிகளையும் ஒரே தாளில் எழுதினால் முதியவர்கள் குழம்புகிறார்களா? அவர் டிகாக்சின் என்ற இதய மருந்தும் எடுப்பதாலும், கால்சியம் மிகுந்தால் அதன் நச்சுவிளைவு கூடக்கூடும் என்பதாலும், மிகுதியையே முதலில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.