சிக்னல் நன்றாக இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 1தான்: குறுக்கீட்டை எப்படிக் கணக்கிடுவது?

பழையஆன்டெனா:
எல்டிஇ (4ஜி) நெட்வொர்க். போனை ஒரே இடத்தில் வைத்து அளந்தேன். என் செல்லின் (போன் இணைந்திருக்கும் கோபுரப் பகுதி) ஆர்எஸ்ஆர்பி, அதாவது செல் எப்போதும் அனுப்பும் குறிப்புச் சிக்னலின் வலிமை, -85 டிபிஎம், நல்ல அளவுதான். ஆனால் எஸ்ஐஎன்ஆர், அதாவது குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்ததைவிடச் சிக்னல் எவ்வளவு பலம் என்ற அளவு, 1 டெசிபெல்லைத் தாண்ட மாட்டேன் என்கிறது, வீடியோ திணறுகிறது. பக்கத்துச் செல்கள் இரண்டு தெரிகின்றன: -90, -91. குறுக்கீடு இவற்றிலிருந்துதானா, வெளியிலிருந்து வேறு ஏதாவது புகுந்திருக்கிறதா என்று போனில் தெரியும் எண்களை வைத்தே சொல்ல முடியுமா?

டெசிபெல்_தாசன்:
ஓரளவு முடியும். முதலில் வெப்ப இரைச்சலைப் பார்ப்போம். ஒரு ஹெர்ட்ஸுக்கு -174 டிபிஎம். ஆர்எஸ்ஆர்பி 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கான அளவு என்பதால் அது -132 ஆகிறது, போனின் சொந்த இரைச்சலுக்கு 7 டெசிபெல் சேர்த்தாலும் -125தான். உங்களுக்கு -85இல் எஸ்ஐஎன்ஆர் 1 என்றால் எதிரே நிற்பது -86. கிட்டத்தட்ட 40 டெசிபெல் வித்தியாசம், ஆக முழுக்கக் குறுக்கீடு. அப்புறம் -90ஐயும் -91ஐயும் மில்லிவாட்டுக்கு மாற்றிக் கூட்டி, திரும்ப டிபிஎம் ஆக்குங்கள்: -87.5 வரும். -86ஐ எட்ட இன்னும் சுமார் -91.4 வேண்டும். பட்டியலில் வராத செல்லாக இருக்கலாம், வெளிக் குறுக்கீடாகவும் இருக்கலாம்.

சிற்றலை:
ஆர்எஸ்ஆர்க்யூ (குறிப்புச் சிக்னலைப் போனுக்கு வரும் மொத்தச் சக்தியோடு ஒப்பிடும் அளவு) பார்த்தால் போதாதா?

டெசிபெல்_தாசன்:
போதாது, அதில் சொந்தச் செல்லின் சுமையும் கலந்துவிடும். ஒற்றை ஆன்டெனா, குறுக்கீடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், செல் காலியாக இருக்கும்போது -3, நிரம்பி வழியும்போது -10.8.

கோபுரத்தடி:
அந்த -91.4ஐ நான் நம்ப மாட்டேன். ஆர்எஸ்ஆர்பி அளவில் ±6 டெசிபெல் வரை பிழை இருக்கலாம் என்று மொபைல் நெட்வொர்க்குகளுக்கான 3ஜிபிபி தரமே அனுமதிக்கிறது, இதில் 1.5 டெசிபெல் இடைவெளியை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆளைத் தேடுவது வீண் வேலை. அதோடு இரண்டு செல்களும் முழுச் சுமையில் ஓடுவதாக நீங்களே வைத்துக்கொண்டீர்கள். பிசிஐ எண்களை, அதாவது ஒவ்வொரு செல்லின் அடையாள எண்ணை, சொல்லுங்கள். ஆட்கள் குறைந்த நேரத்தில் இன்னொரு முறை அளந்தும் பாருங்கள், வெளிக் குறுக்கீடு பெரும்பாலும் நேரம் பார்த்துக் குறையாது.

பழையஆன்டெனா:
என்னுடையது 121. -90 வருவது 244, -91 வருவது 302. இரவு 2 மணிக்கு அதே இடம், அதே ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் மட்டும் 4.5.

கோபுரத்தடி:
அப்படியென்றால் கதை வேறு. 121, 244 இரண்டையும் 3ஆல் வகுத்தால் மீதி 1, 302க்கு மீதி 2. இரண்டு ஆன்டெனா போர்ட் உள்ள, நேரம் ஒத்திசைந்த நெட்வொர்க்கில் மீதி ஒன்றாக இருந்தால் இரண்டு செல்களின் குறிப்புச் சிக்னல்களும் ஒரே இடத்தில் மோதும். அதனால் 244இல் யாருமே இல்லாவிட்டாலும் அது உங்கள் எஸ்ஐஎன்ஆரை 5க்கு மேல் விடாது. 302 மோதுவதில்லை, அதன் சுமைக்கு ஏற்பத்தான் பாதிக்கும். இரவில் அது லேசாக ஓடினாலே 4.5 வந்துவிடும். வெளிக் குறுக்கீட்டைச் சந்தேகிக்க இங்கே காரணமே இல்லை.

பழையஆன்டெனா:
பிசிஐயை மாற்றினால் பகலிலும் சரியாகிவிடுமா?

கோபுரத்தடி:
அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாற்றினாலும் 244 காலியாக இருக்கும் நேரத்தில்தான் பெரிய லாபம், பகலில் அது நிரம்பிவிட்டால் அதன் டேட்டாவே வந்து மோதும். 244இன் ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொல்லிப் புகார் கொடுங்கள், இந்த இரண்டு அளவீடுகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.